கோமதியின் அரிசிப் பை

செய்தி வந்தபோது நான் குனிந்துகொண்டிருந்தேன். காலை ஏழரை இருக்கும். சமையலறை வாசலில், முழங்காலை மடக்காமல், முதுகை நன்றாக வளைத்து, இரண்டு கைகளிலும் அரிசிப் பையைத் தொங்கவிட்டபடி நின்றேன். மேடையில் போன் அடித்தது. சுபாவின் பெயர். கோமதியின் மகள் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு எடுத்தேன்.

"மாஷி, அம்மா ஆர் நேய்," என்றாள். அவளுக்கு நான் மாஷி, சித்தி முறை; அழுகை வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். அம்மா போய்விட்டாள் என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது, ஆனாலும் "என்னடி சொல்றே, தமிழ்ல சொல்லு" என்று கத்தினேன். தமிழில் சொன்னால் வேறு ஏதாவது வந்துவிடாதா என்ற நப்பாசை. "காலையில ரூம்ல விழுந்து கெடந்தா மாஷி. பக்கத்துல அந்த அரிசிப் பை இருந்துச்சு," என்றாள். என் கையிலிருந்த பை நழுவியது. அரிசி சமையலறை முழுக்கச் சிதறியது.

நம் ஆபீஸ்காரர்கள் கூடிய இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருடம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவள் நான்தான் என்பதால் கேட்டீர்கள், நியாயம்தான். நான் எழுந்து, கும்பிட்டு, உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, செக்‌ஷனுக்கே தெரியும். தும்மல் வந்தால் முதுகு பிடித்துக்கொள்ளுமோ என்று முதலில் மேஜையைப் பிடித்துக்கொள்கிறவள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வங்காளத்தில் இந்தப் பெஹாலாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஓடுகிற பஸ்ஸில் ஏறியதில்லை. கோமதி நேர் எதிர். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி வங்காளம், என் வங்காளத்தில் பாதி சைகை. இரண்டும் சேர்ந்து எப்படியோ ஒப்பேற்றினோம்.

நம் காரிடாரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது நினைவிருக்கும். ஒரு ஆள் பெட்டி தூக்குகிறான். முதுகை வளைத்துத் தூக்கினால் சிவப்பில் பெருக்கல் குறி, முட்டியை மடக்கி நெட்டுக்குத்தாக நிமிர்ந்து தூக்கினால் பச்சை டிக். நான் அந்தப் பச்சை டிக்கை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். ஒருநாள் டீ குடித்துவிட்டு வரும்போது கோமதி அதன் முன்னால் நின்றுவிட்டாள். "ஏ ராஜி, இந்த ஆளு வீட்டுல கட்டிலுக்கு அடியில ஒண்ணுமே உருண்டு போகாதா? வாளியில ஊறுற துணிய எப்படி எடுப்பான்? ஆயுசு முழுக்கக் கைப்பிடி வெச்ச பெட்டி மட்டும்தான் தூக்குவானா?" என்றாள். டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். "கனமான பெட்டின்னா நானும் அப்படித்தான் தூக்குவேன். வளையவே கூடாதுன்னு போஸ்டர்ல எங்க எழுதியிருக்கு? அது நீயா சேர்த்துக்கிட்டது," என்றாள். நின்று படித்துப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

இதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. நாற்பது வயதில் ஆபீஸ் பீரோவின் அடித்தட்டிலிருந்து சர்வீஸ் ஷீட் கட்டு ஒன்றை இழுத்ததில் அவள் முதுகில் டிஸ்க் விலகியது. மூன்று மாதம் படுக்கை. அதன் பிறகு மூன்று வருடம் இடுப்பில் பெல்ட். குனியாதே, தூக்காதே, சம்மணம் போடாதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் சொன்னேன். சுபா அப்போது இரண்டாம் வகுப்பு. அந்தக் குழந்தைதான் அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். ஒரு மத்தியானம் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. எடுக்கப் பயந்து, சுபா வரட்டும் என்று, அதைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். "வலி இல்ல ராஜி. ஒரு பொட்டு வலி இல்ல. குனிஞ்சா ஒடஞ்சிருவேன்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அன்னிக்குத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு," என்றாள்.

அவளைப் பார்த்துவந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா நல்ல மனுஷி. வெறும் துணிப்பையோடு ஆரம்பி, பாயைச் சுருட்டுகிற மாதிரி தலையிலிருந்து ஒவ்வொரு எலும்பாக வளைந்து இறங்கு, அதே மாதிரி ஏறு என்று அனுமதி கொடுத்தாள். டம்ளர் கணக்கு மட்டும் கோமதியுடையது. லேக் மார்க்கெட் கடையில் இட்லி அரிசி வாங்கி, வாரத்துக்கு ஒரு டம்ளர் பையில் போடுவாள். அதற்கு மேல் ஒரு அரிசிமணி கூடாது. வலித்தால் அடுத்த வாரம் இரண்டு டம்ளர் வெளியே. "கனம் கூடினது உனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம்," என்பாள். ஆபீசில் நான் பார்க்கப் பார்க்க அந்தப் பெல்ட் காணாமல் போனது. ஒருநாள் அதே அடித்தட்டிலிருந்து அதே கட்டை எடுத்து என் மேஜையில் போட்டாள். எனக்கு அவள் எடுத்ததைப் பார்த்தே முதுகு வலித்தது.

முட்டிக்கும் அவளிடம் ஒரு வழக்கு இருந்தது. உட்கார்ந்து எழும்போது முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது என்று யாரோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "தாண்டாம ஒரு படி எறங்கிக் காட்டு, மிஷ்டி வாங்கித் தரேன்," என்றாள். வீம்புக்கு முயன்றேன். கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். பின்னால் வந்த வங்காளி பாபுக்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று சிரித்தார்கள். அந்த இனிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்த காலம். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பேச்சும் நாலைந்து சொல்லாகச் சுருங்கிவிட்டது. எழுபத்திரண்டு கிலோ. மகன் புனேயில். விழுந்தால் நீங்கள் தூக்காதீர்கள், இரண்டு பேரைக் கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கே போய் இரண்டு பேரைத் தேடுவேன்? மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஆயா சென்டரிலிருந்து வருகிற பெண் மாலையில் இரண்டு மணி நேரம் இருப்பாள். மீதி இருபத்திரண்டு மணி நேரமும், ஓய்வு பெற்று வீட்டில் இருந்த நான் மட்டும்தான். அவர் புரண்டால் எழுந்து உட்காருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். நேராக பாத்ரூமுக்குப் போனாள். கமோடுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் படுத்தாள். "அவர் விழுந்தா இங்கதான் விழுவார். என்னைத் தூக்கு," என்றாள். "ஐயோ, என்னடி இது, எந்திரி," என்றேன். "எந்திரிக்க மாட்டேன். பொணம் மாதிரி கெடப்பேன். உன் பச்சை டிக் ஆளு மாதிரி முட்டிய மடக்கி நிமிந்து தூக்கு, பார்க்கறேன்." அந்தச் சந்தில் முட்டியை எங்கே மடக்குவது? ஒரு கால் வாளிக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், உடம்பைத் திருப்பி, வளைந்து, கையை அவள் அக்குளுக்கு அடியில் விட்டால்தான் உண்டு. என்னால் அவளை உட்காரவைக்கக்கூட முடியவில்லை. வியர்த்துக் கொட்டி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் படுத்தபடியே, "அழுது முடி. நாளைக்கு ஒரு பை தைச்சுக்கோ," என்றாள்.

தைத்தேன். வெறும் பையிலிருந்து ஆரம்பித்தேன். பயந்துகொண்டேதான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் சாந்த்ராகாச்சியிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி வந்து அந்தச் சந்தில் படுப்பாள், நான் தூக்குவேன். ஒரேயடியாக அல்ல. முதலில் ஒருக்களிக்கவை, பிறகு உட்காரவை, பிறகு மோடாவில் ஏற்று, கடைசியில் நாற்காலிக்கு. முக்காலி மாதிரியான அந்தப் பிரம்பு மோடாவை அவளே கொண்டுவந்து போட்டாள். ஆறு மாதத்தில் அவளை மோடா வரைக்கும் ஏற்றிவிட்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கதவு வழியாகப் பார்த்து, இடது கையால் தொடையில் தட்டுவார். அதுதான் அவருடைய கைதட்டல்.

நடுவில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. நவராத்திரிக்கு இங்கே போடும் பூஜைப் பந்தல்களைப் பார்க்க ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. ஆறு பேர். இரண்டாம் நாளே இட்லி அரிசி தீர்ந்தது. கடைக்குப் போகவிடாமல் தெருவெல்லாம் கூட்டம். பையிலிருந்த அரிசியை எடுத்து ஊறப்போட்டுவிட்டேன். அவர்கள் கிளம்பிய பிறகு புது மூட்டையிலிருந்து கைவாக்கில் கொட்டி நிரப்பினேன். யார் உட்கார்ந்து எண்ணுவது? மறுநாள் குனிந்தவள் நிமிரவில்லை. பத்து நாள் சுவரைப் பிடித்து நடந்தேன். கோமதி பையை எடைபோட்டுப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "டம்ளர் எண்ணுன்னா சீர்வரிசை மாதிரி கொட்டி வெச்சிருக்க! முதுகு உனக்கு எதிரி இல்லடி. அவசரம்தான் எதிரி," என்றாள். மறுபடி வெறும் பை. வெட்கமாக இருக்கிறது என்றேன். "வெறும் பையத் தூக்கறதுல என்ன வெக்கம்? குனியத் தெரியாம செத்துப் போறதுதான் வெக்கம்," என்றாள்.

அவள் செத்துப்போனாள்.

அன்று சாந்த்ராகாச்சி வீட்டில் நுழைந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டு நாளாக நெஞ்செரிச்சல் இருந்திருக்கிறது. சுபா டாக்டரிடம் கூப்பிட்டதற்கு, வயிற்றில் கேஸ்தான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாளாம். வலித்தால் நிறுத்து, வலியும் சிரமமும் வேறுவேறு என்று எனக்கு ஆயிரம் முறை சொன்னவள்! எனக்கு வந்த கோபத்தில் அவளை உலுக்கி எழுப்பிக் கேட்டிருப்பேன். காலையில் பையைத் தூக்கினாளா, தூக்கப் போனாளா, தொடவே இல்லையா, யாருக்கும் தெரியாது. அந்தப் பை எப்போதும் அவள் அறைக் கதவோரம்தான் இருக்கும்.

ஆனால் கூடத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "அறுபத்தோரு வயசுல மூட்டை தூக்கினா? அந்த மூட்டைதான் கொண்டுபோச்சு," என்றாள் ஒரு உறவுக்காரப் பெண். இன்னொருத்தர் என்னைப் பார்த்து, "நீங்க கூடவே இருந்தவங்க, சொல்லக் கூடாதா? அதனாலதானே?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதைத்தான் கூட்டத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் காலடியில் நின்றுகொண்டு தலையாட்டினேன். பயம். இத்தனை நாள் அடக்கிவைத்த பயம் எல்லாம் ஒரே நொடியில் வந்து, பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே என்றது.

வீட்டுக்கு வந்து பையிலிருந்த மிச்சத்தை அரிசி டிரம்மில் கொட்டினேன். அன்றிலிருந்து குனிவதை நிறுத்தினேன். நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டே தூங்குவேன். இரண்டு நாள் கழித்து மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "அம்மா, அந்த ஆன்ட்டி தூக்கித்தானே போனாங்க? நீயும் அப்பாவத் தூக்கித் தூக்கி ஒருநாள் விழுந்தா நான் என்ன செய்வேன்? அப்பாவை ஒரு ஹோம்ல சேர்த்துடலாம்மா. நல்ல இடமா பாக்கறேன்," என்றான். பிள்ளை பயத்தில் பேசுகிறான், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். "ஆமாண்டா, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ பாரு," என்றேன். அவர் கட்டிலில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். கேட்டிருக்குமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வந்த மறுநாள். காலை பதினோரு மணி, வெளியே கொட்டும் மழை. மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியபோது வீடு நிசப்தமாக இருந்தது. கட்டில் காலி. பாத்ரூம் கதவைத் தள்ளினேன். கமோடுக்கும் சுவருக்கும் நடுவே, கோமதி படுத்த அதே சந்தில், அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. அடி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. எங்கே வலிக்கிறது என்று தலை, இடுப்பு, கால் எல்லாம் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

கீழ்வீட்டு வங்காளி அம்மாவைக் கூப்பிட ஓடினேன், கதவில் பூட்டு. ஆயா சென்டருக்குப் போன் செய்தேன். ரோட்டில் முழங்கால் தண்ணீர், இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். தரை ஈரம். அவருக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. நான் வாசலில் நின்றேன். தூக்கினால் கோமதி போன இடத்துக்குப் போய்விடுவேன் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைத்தான் அவளும் கடைசியில் உணர்ந்தாளோ என்று நினைத்தேன். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

புடவையைச் செருகிக்கொண்டேன். ஒரு கால் வாளிக்கு இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். குனிந்தேன். என் முதுகு அன்று போஸ்டரில் சிவப்புக் குறி போட்ட முதுகுதான், போதாததற்கு ஒரு திருகல் வேறு. ஒருக்களிக்கவைத்தேன். உட்காரவைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டேன். மோடாவை இழுத்துப் போட்டு, அவருடைய நல்ல காலை மடக்கி ஊன்றச் சொல்லி, அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு. மோடாவில் உட்கார்ந்தார். முதுகு பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து நாற்காலி.

பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "யாரைக் கேட்டு எந்திரிச்சீங்க? ஒரு குரல் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினேன். அவர் ரொம்ப நேரம் உதட்டை அசைத்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நீ… தூக்கினா… செத்துருவ."

இரண்டு வாரமாக அந்த மனுஷர் என்னைக் கூப்பிடாமல் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். சுவரைப் பிடித்துத் தானாகப் போகப் பார்த்திருக்கிறார். கோமதியின் பை அவரைத் தள்ளிவிடவில்லை. நான் தலையாட்டியதும், போனில் ஆமாம் என்றதும்தான் தள்ளிவிட்டது. ஈரத் தரையில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்று மாலை மகனிடம் ஹோம் வேண்டாம் என்றேன். நெஞ்சை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன், காட்டினேன். சுபாவையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "நானும் தலையாட்டினேன் மாஷி. அன்னிக்கு யாரு கேட்டாலும் ஆட்டினேன்," என்றாள். இரண்டு பேரும் போனில் அழுதோம். கோமதியை அறிந்த உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்: அவள் எதனால் போனாள் என்று எனக்குத் தெரியாது. எதனால் பதினெட்டு வருடம் நிமிர்ந்து நடந்தாள் என்று எனக்குத் தெரியும்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது தைரியம் என்று எழுத ஆசைதான். எழுதினால் அவளே சிரிப்பாள். நெஞ்செரிச்சலுக்கு நான் இப்போதெல்லாம் டாக்டரிடம்தான் ஓடுகிறேன், அந்த விஷயத்தில் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பயம் போகவில்லை, இனிமேல் போகவும் போவதில்லை. எனக்கு மிஞ்சியது குனியத் தெரிந்த ஒரு முதுகு. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். காலைத் தரையில் ஊன்றித் தானாக எழப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்து, "ராஜி… வா," என்று கூப்பிட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.